மொட்டை மாடித் தண்ணீரும் நேர்கோட்டின் சாய்வும்

ஐப்பசி மழை ஒரு மணி நேரம் கொட்டி ஓய்ந்ததும் மதுரையில் நாலு மொட்டை மாடிகளை எட்டிப் பாருங்கள். சிலவற்றில் தண்ணீர் முழுக்கக் குழாயில் இறங்கி, தளம் காயத் தொடங்கியிருக்கும். சிலவற்றில் நடுவிலேயே தேங்கி நின்று, அடுத்த வாரம் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காட்டும். கொத்தனார் தளத்துக்குக் கொடுத்த வாட்டம்தான் இதைத் தீர்மானிக்கிறது. அந்த வாட்டத்தைத்தான் பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் சாய்வு என்று படிக்கிறோம். பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் விடையாக வந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்டால் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் போக வேண்டும் என்றால் கணக்கை மாடியிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

கொத்தனார் வாட்டம் பார்க்க எடுப்பது டியூப் லெவல். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் மட்டம் தப்பாகக் காட்டும். ஒரு முனையை மாடிப்படிப் பக்கச் சுவரில் சித்தாள் பிடிக்க, மறுமுனையோடு கொத்தனார் தண்ணீர் இறங்கும் குழாய்ப் பக்கம் போய் நிற்பார். "ஆட்டாமப் பிடி தாயி" என்று ஒரு குரல். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த இடங்களில் சுவரில் பென்சில் கோடு. அப்புறம் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தளம் வரை டேப்பால் அளக்க வேண்டியதுதான்.

படிப் பக்கம் 36 அங்குலம், குழாய்ப் பக்கம் 39 அங்குலம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே கிடைமட்டத் தூரம் 25 அடி, அதாவது 300 அங்குலம். குறுக்கே 300 அங்குலம் போவதற்குள் தளம் 3 அங்குலம் இறங்கியிருக்கிறது. 3-ஐ 300-ஆல் வகுத்தால் 100-இல் 1. சாய்வு என்பது இவ்வளவுதான்: குறுக்கே ஓர் அலகு நகர்ந்தால் உயரம் எத்தனை அலகு மாறுகிறது என்பதைச் சொல்லும் ஒற்றை எண்.

அலகில் மட்டும் கவனம் வேண்டும். அங்குலத்தை அடியால் வகுத்து 3/25 என்று எழுதினால் 0.12 வரும், கிட்டத்தட்ட 8-க்கு 1. சக்கர நாற்காலிக்கான சாய்தளமே 12-க்கு 1-க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது பொது விதி. அதைவிடச் செங்குத்தான மொட்டை மாடியில் வடகம் காயப்போடக்கூட முடியாது.

இனி குறி. பென்சில் மட்டத்தைச் சுழியம் என்று கொண்டால் தளம் அதற்குக் கீழே இருப்பதால் உயரங்கள் −36, −39. படியிலிருந்து குழாய் நோக்கிப் போனால் உயர மாற்றம் −39 − (−36) = −3. தூர மாற்றம் 300 − 0 = 300. சாய்வு −1/100. கழித்தல் குறி வந்தால் அந்தத் திசையில் போகப் போக இறக்கம் என்று பொருள். குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கினால்? உயர மாற்றம் −36 − (−39) = 3, தூர மாற்றம் 0 − 300 = −300. வகுத்தால் மறுபடி அதே −1/100. எந்தப் புள்ளியை முதலில் எடுத்தாலும் விடை மாறாது. வகுத்தலில் மேலே உயர மாற்றத்துக்கு எடுத்த வரிசையைக் கீழே தூர மாற்றத்துக்கும் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே ஒரு வரிசை, கீழே வேறு வரிசை என்று எழுதும்போதுதான் குறி தலைகீழாகிறது.

இப்போது நடுவில், 150 அங்குலத்தில், ஓர் அளவு எடுப்போம். தளம் ஒரே நேராக இறங்கினால் அங்கே 37.5 அங்குலம் வர வேண்டும். அப்படி வந்தால் முதல் பாதியின் சாய்வு −1.5/150, இரண்டாம் பாதியும் −1.5/150, இரண்டுமே −1/100. நேர்கோட்டில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் இப்படி ஒரே சாய்வுதான் கிடைக்கும். குறுக்குத் தூரம், இறக்கம், தளத்தின் கோடு மூன்றும் சேர்ந்தால் ஒரு செங்கோண முக்கோணம்; அது சின்னதானாலும் பெரியதானாலும் வடிவொத்ததுதான், பக்கங்களின் விகிதம் மாறாது. சாய்வு மாறாத கோடுதான் நேர்கோடு என்றே சொல்லலாம். நான் வகுப்பெடுத்தால் சூத்திரத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

நடுவில் 39.5 வந்தால்தான் சிக்கல். முதல் பாதியில் தளம் 3.5 அங்குலம் இறங்குகிறது. இரண்டாம் பாதியில் −39 − (−39.5) = +0.5, அதாவது 300-க்கு 1 என்று ஏறுகிறது. இரண்டு ஓரங்களை மட்டும் அளந்தவருக்கு வாட்டம் சரியாகவே தெரியும். தண்ணீரோ குறி மாறிய இடத்தில் அரை அங்குல ஆழத்துக்கு நின்றுவிடும். அதனால்தான் தேர்ந்த கொத்தனார் ஓரத்துக்கு ஓரம் நூல் கட்டி, நடுவிலும் தளம் நூலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்.

சாய்வையும் கோணத்தையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. சாய்வு 1 என்றால் 45 பாகை. சாய்வு 2 என்றால் 90 பாகை ஆகிவிடாது, சுமார் 63.4 பாகைதான். செங்குத்துக் கோட்டில் தூர மாற்றமே சுழியம், சுழியத்தால் வகுக்க வழியில்லை, ஆகவே அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. கிடைக்கோட்டுக்குச் சாய்வு சுழியம்.

கொடைக்கானல் சாலையில் இந்தக் கணக்கின் அருமை தெரியும். மலைச்சாலைகளுக்கு, சாலை விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்திய ரோடு காங்கிரஸ் பரிந்துரைக்கும் வழக்கமான ஏற்றம் 20-க்கு 1. மிகச் செங்குத்தான மலைகளில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். 20-க்கு 1 என்பது மூன்று பாகைக்கும் குறைவான கோணம், ஆனாலும் பாரம் ஏற்றிய லாரிக்கு அதுவே பெரிய ஏற்றம். அடிவாரத்திலிருந்து 1,800 மீட்டர் ஏற வேண்டும் என்று கொண்டால் 1,800 × 20 = 36,000 மீட்டர். ஆக, வழியில் எங்கும் சமதளமோ இறக்கமோ இல்லாவிட்டால்கூட 36 கிலோமீட்டர் சாலை வேண்டும். மலை அவ்வளவு நீளத்துக்கு இடம் தராது. அதனால் சாலையை மடித்து மடித்துப் போடுகிறார்கள், கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன.

உயரமும் தூரமும் இல்லாத இடத்திலும் சாய்வு உண்டு. மதுரைக்காரர்கள் பேப்பரில் தவறாமல் பார்ப்பது வைகை அணை நீர்மட்டம். தண்ணீர் தேக்கும் முழு உயரம் 71 அடி. ஒன்றாம் தேதி 60 அடி, பதின்மூன்றாம் தேதி 54 அடி என்று கொள்வோம். குறுக்கே நாள், மேலே அடி என்று வரைந்தால் சாய்வு −6/12, நாளுக்கு அரை அடி இறக்கம். இங்கே சாய்வுக்கு அலகு ஒட்டிக்கொண்டதால் அது வேகமாகிவிடுகிறது. அதே வேகத்தில் போனால் இன்னும் இருபது நாளில் 44 அடி.

ஆனால் அணையின் நீர்ப்பரப்பு மேலே விரிந்தும் கீழே குறுகியும் இருக்கும். திறந்துவிடும் தண்ணீர் அதே அளவாக இருந்தாலும் மட்டம் தாழத் தாழ ஒவ்வொரு நாளும் இறங்கும் அடிக்கணக்கு கூடும், கோடு கீழ்நோக்கி வளையும். அதனால் 44 அடியை இருபது நாளுக்கு முன்பே தொட்டுவிடலாம். பழைய −1/2-ஐ வைத்துக் கடைசி வரை கணக்குப் போடாமல், வாரத்துக்கு ஒருமுறை புதிதாக இரண்டு நாள் அளவை எடுத்து மறுபடி வகுத்துப் பார்க்க வேண்டும்.