ஒலி வந்ததெல்லாம் பேசும்படமா?

வார்னர் பிரதர்ஸ் 1926-ல் வெளியிட்ட ‘டான் ஜுவான்’தான் உலகின் முதல் பேசும்படம் என்று ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரல் சொன்னது. இதே தவறை நான் பலமுறை படித்தும் கேட்டும் ஆயிற்று. அந்தப் படத்தில் பாத்திரங்கள் பேசுவது காதில் விழவே விழாது. வசனமெல்லாம் எழுத்து அட்டையில்தான் வரும்.

சொல்லின் வரலாறு சின்னது. ‘மூவிங் பிக்சர்’ பேச்சில் சுருங்கி ‘மூவி’ ஆனது. அதைப் பார்த்து ‘டாக்கிங் பிக்சர்’ ‘டாக்கி’ ஆனது. நம் ஊர்க் கொட்டகைப் பெயர்களில் ‘டாக்கீஸ்’ இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேசும்படம் என்பது டாக்கிக்கு மிகப் பொருத்தமான தமிழ். 1931-ல் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்தபோது அது உண்மையாகவே பேசியது, பாடியது. சொல்லின் மீது எனக்குக் குறையில்லை. பேச்சு இல்லாமல் இசை மட்டும் இருந்தாலும் பொருந்தும் ‘சவுண்ட் ஃபிலிம்’ என்ற சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் அதையே போடுவதுதான் தவறு.

வார்னரின் வைட்டாஃபோன் முறையில் ஒலி ஃபிலிமிலேயே கிடையாது. 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. புரொஜெக்டரும் தட்டும் இணைந்து ஓட வேண்டும். ஃபிலிம் அறுந்து நாலு கட்டம் (ஃபிரேம்) போனால், நாலு கட்டம் கறுப்பு ஃபிலிமை ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்து ஒலி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். இந்த ஏற்பாட்டில் ‘டான் ஜுவான்’ படத்துக்குச் சேர்த்தது நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த இசையும் வாள் மோதும் ஓசை போன்றவையும். படத்துக்கு முன்னால் காட்டிய ஒரு துண்டுப் படத்தில் அமெரிக்கத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் வில் ஹேஸ் பேசினார். அது வேறு படம். 1927-ல் வந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தில் ஆல் ஜோல்சன் பாடுவார், சில இடங்களில் பேசுவார், மற்றபடி எழுத்து அட்டைதான். தொடக்கம் முதல் முடிவு வரை பேசிய முதல் முழுநீளப் படம் 1928-ன் ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’. இந்த மூன்றையும் பேசும்படம் என்றே எழுதிவிட்டால், அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன மாறியது என்பதைப் படிப்பவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

சரி, ‘ஒலிப்படம்’ போதாதா? எழுதும்போது போதும். வாய்விட்டுச் சொன்னால் ஒளிப்படத்தோடு குழம்பும். லகரமும் ளகரமும் பலர் நாவில் ஒன்றாகிவிட்ட நிலையில், புகைப்படத்துக்கு எழுந்த சொல்லின் பக்கத்திலேயே இதை நிறுத்துவது நல்லதல்ல. இரண்டையும் சேர்த்து ‘ஒலியொளிப்படம்’ என்பார்கள் சிலர்; அது சொல்லவும் கடினம், சவுண்ட் ஃபிலிமுக்கும் வீடியோவுக்கும் வேறுபாடும் காட்டாது. நான் ‘ஒலிசேர் படம்’ என்பேன். தனியே இருந்த ஒலியைப் படத்தோடு சேர்த்ததுதானே வைட்டாஃபோன் செய்தது? வேலையைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஜோல்சன் படத்தைப் பகுதிப் பேசும்படம் என்றும், ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’கை முழுப் பேசும்படம் என்றும் எழுதலாம். தனித்தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும். ஆனால் தமிழாக இருந்தால் மட்டும் போதாது, சரியாகவும் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் அகராதியை மூடிவைத்துப் பத்து நிமிடம் படத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

கார்ட்டூன் பக்கம் இன்னும் மோசம். 1930-ல் தொடங்கிய வார்னரின் கார்ட்டூன் தொடரான லூனி டியூன்ஸை ‘பேசும் கேலிச்சித்திரம்’ என்று எழுதுகிறார்கள். கேலிச்சித்திரம் பத்திரிகையில் அசையாமல் இருப்பது. அசைவதற்கு அசைவூட்டப் படம் என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘டியூன்ஸ்’ என்பதும் கார்ட்டூனின் வால் அல்ல, மெட்டு. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு கார்ட்டூன் தொடரான மெர்ரி மெலடீஸின் பெயரிலும் இசைதான். வார்னரிடம் உரிமை இருந்த பாட்டுகளைப் பரப்புவது அந்தப் படங்களுக்கு இட்ட வேலை. முதல் லூனி டியூன்ஸில் பாஸ்கோ என்ற கார்ட்டூன் நாயகன் ஷவர் நீரை யாழ் நரம்பாக மீட்டுகிறான். இசைதான் அங்கே எல்லாம். ஆனால் அவனை உருவாக்கிய ஹார்மனும் ஐசிங்கும் 1929-ல் செய்த மாதிரிப் படத்தில் அதே பாஸ்கோ வாயசைவுக்குப் பொருந்த நன்றாகவே பேசுகிறான். அதைப் பேசும்படம் என்று எழுதுங்கள், எனக்கு மறுப்பே இல்லை.