பழைய பொருளை அருங்காட்சியகத்துக்குத் தருவதற்கு முன்

ஊர் வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் வீடுகளிலிருந்து வரும் பொருட்களை நம்பித்தான் இருக்கின்றன. தேய்ந்த கைக்கருவி, பள்ளிச் சான்றிதழ், குழுப் புகைப்படம், கடைக் கணக்குப் பேரேடு, மூடிப்போன ஆலையின் அடையாள வில்லை. கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் அன்போடுதான் வருகிறார்கள். ஆனால் வருவதற்கு முன் வீட்டில் நடக்கும் இரண்டு காரியங்கள், அருங்காட்சியகப் பொருட்களைப் பராமரிக்கும் காப்பாட்சியர்களான எங்களைப் பதற வைக்கும். பொருளைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். அதோடு இருந்த துண்டுச் சீட்டு, கிழிந்த உறை, பழைய ரசீது எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

முதலில் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன், பெரிய இழப்பு அதில்தான். ஒரே மாதிரிச் சுத்தியல்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டிருக்கும். அதில் ஒன்று இந்த ஊரின் வரலாறாக ஆவது, அதை யார் பிடித்தார், எந்தப் பட்டறையில், எந்தக் காலம் வரை என்பது தெரிந்தால்தான். அது தெரியாவிட்டால் விளக்க அட்டையில் ‘சுத்தியல், இரும்பு, மரம்’ என்பதற்கு மேல் நாங்கள் எழுத ஒன்றுமில்லை. புகைப்படமும் அப்படித்தான். பின்பக்கத்தில் இருக்கும் ஸ்டுடியோ முத்திரையை வைத்தே காலத்தை ஓரளவு கணிக்கலாம். ஆனால் நிற்பவர்களின் பெயர்களை எந்த முத்திரையும் சொல்லாது.

அருங்காட்சியகத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுப்போம். பல இடங்களில் உள்ள முறைப்படி 2024.7.3 என்றால், 2024-இல் ஏழாவதாக வந்த நன்கொடையின் மூன்றாவது பொருள். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள பக்கம் காலியாக இருந்தால், காட்சிக்குப் பொருள் தேர்ந்தெடுக்கும்போது அது பின்னுக்குப் போய்விடும். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததை எழுதித் தாருங்கள். தெரிந்தது வேறு, ஊகம் வேறு என்று பிரித்து எழுதுங்கள். ‘சான்றிதழில் இருக்கிறது’, ‘பாட்டி சொன்னது’ என்று குறித்தால் போதும், இரண்டுமே எங்களுக்கு வேண்டும். புகைப்படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் மட்டும் எழுதிவிடாதீர்கள். முனையின் அழுத்தம் முன்பக்கம் வரை தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதலாம். பின்பக்கம் வழவழப்பாக இருக்கும் படங்களில் பென்சில் பிடிக்காது; அப்போது தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள்.

சரி, அடுத்தது சுத்தம் செய்வது. பாலிஷ் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் உலோகத்தின் மேற்பரப்பு கொஞ்சம் போகிறது. பித்தளையில் பொறித்த பெயர் மழுங்குவது இப்படித்தான். கருவியின் பிடியில் கட்டைவிரல் பட்ட பள்ளத்தை உப்புத்தாளால் மட்டப்படுத்திவிட்டால், எத்தனையோ வருட உழைப்பின் தடயத்தையே அழித்துவிடுகிறோம். அழுக்கு என்று நீங்கள் நினைப்பதில் பாதி எங்களுக்குச் சான்று.

காகிதத்துக்கு மிக மோசமானது லேமினேஷன். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள்; ஆனால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் சேதமாகாமல் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். செலோடேப்பின் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். கிழிந்தது கிழிந்தபடியே இருக்கட்டும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் துடைக்க வேண்டாம். தனிப் பையில் போட்டு, வந்ததும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், மற்ற பொருட்களுக்கும் அது பரவும்.

கொடுத்த பிறகு ஒரு வருத்தம் அடிக்கடி வரும்: “காட்சியிலிருந்து எங்க தாத்தா படத்தை ஏன் எடுத்துட்டீங்க?” புகைப்படம், துணி, மை எழுத்து எல்லாம் வெளிச்சத்தில் மங்கும். மங்கியது திரும்பாது, அந்தச் சேதம் கூடிக்கொண்டேதான் போகும். அதனால்தான் இவற்றுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான ஒளி மட்டும் வைக்கிறோம், சில மாதங்களில் எடுத்து இருட்டில் ஓய்வு கொடுக்கிறோம். படத்தை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. நிரந்தரமாகத் தொங்க வேண்டும் என்றால் நகல் தொங்கட்டும்.

நன்கொடையா, இரவலா என்பதை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எங்களால் வாங்கிக்கொள்ள முடியாது, அதே மாதிரிப் பொருள் ஏற்கெனவே இருக்கலாம். அப்போதும் அதன் கதையைப் பதிவு செய்துகொள்ள நாங்கள் தயார்தான்.

வீட்டில் அந்தப் பொருளைப் பயன்படுத்திய பெரியவர் இருந்தால், அவர் கையில் அதைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பார், எப்படி வேலை செய்வார் என்று கைபேசியில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்திலேயே அவர் பெயர், தேதி, இடம் மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். குறுக்கே பேசித் திருத்த வேண்டாம். அப்புறம் அந்தப் பதிவை வெட்டாமல் முழுதாகப் பொருளோடு சேர்த்துக் கொடுங்கள்.