கூட்டினாலும் நகராத புள்ளி

"ரெண்டு சமன்பாட்டையும் கூட்டு என்கிறார் சார். கூட்டினால் விடை மாறிப் போகாதா?" இரண்டு சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை நீக்கி விடை காணும் 'நீக்கல் முறை' பற்றி, கீழக்கரையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. பதில் அவர் ஊர்க் கடலிலேயே கிடக்கிறது.

ஜி.பி.எஸ். வருவதற்கு முன், மன்னார் வளைகுடாவில் வள்ளம் ஓட்டியவர்கள் மீன் அண்டும் 'பார்' எனும் கடலடிப் பாறைத்திட்டைக் கரையைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். கரையோரப் பனைமரமும் அதற்குப் பின்னால் உள்ள பள்ளிவாசல் மினாராவும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், வள்ளம் அவை இரண்டும் போடும் நேர்கோட்டில் எங்கோ இருக்கிறது. எங்கே என்று அந்த ஜோடி சொல்லாது. மாதா கோயில் சிலுவையும் தண்ணீர்த் தொட்டியும் இன்னொரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். அவையும் அதே நேரத்தில் நேருக்கு வந்தால், வலையை இறக்கலாம். இப்படிப் பார்க்கத் தெரிந்த பெரியவரை 'கைராசிக்காரர்' என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அவர் போட்டது கணக்கு, ராசிக்கு அதில் வேலையில்லை.

ஒரு பேச்சுக்கு எண்களைப் போடுவோம். பனைமரத்திலிருந்து கிழக்கே 'கி' கிலோமீட்டர், தெற்கே கடலுக்குள் 'தெ' கிலோமீட்டர். முதல் ஜோடியின் கோடு கி − தெ = 0. இரண்டாவது கி + தெ = 6. கூட்டினால் 2கி = 6. அப்புறம் தெரிந்ததுதான்: கி = 3, தெ = 3.

நான் சொல்ல ஆசைப்படுவது அந்தக் 'கூட்டினால்' பற்றி. பார் இருக்கும் புள்ளியில் இரண்டு சமன்பாடும் உண்மை. உண்மையான இரண்டைக் கூட்டினால் வருவதும் அங்கே உண்மையாகத்தான் இருக்கும். அதாவது, புதிய கோடும் அதே புள்ளி வழியாகத்தான் போயாக வேண்டும். முழுதாகக் கூட்டாமல், முதலாவதோடு இரண்டாவதில் பாதியை மட்டும் சேர்த்துப் பாருங்கள்: 1.5கி − 0.5தெ = 3. கோடு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. ஆனால் (3, 3) இதிலும் பொருந்துகிறது. முழுதாகச் சேர்த்தால் இன்னும் நிமிர்ந்து நேர் தெற்காக நிற்கிறது. அதுதான் 2கி = 6. கீலில் கதவு சுழல்வதுபோல், வெட்டும் புள்ளியைப் பிடித்துக்கொண்டு கோடு சுழல்கிறது. கழித்தால் கிழக்கு மேற்காகப் படுக்கும்: 2தெ = 6. நீக்கல் முறை என்பது இவ்வளவுதான். இந்தச் சுழற்சியைக் கரும்பலகையில் ஒருமுறை வரைந்து காட்டிவிட்டால், பிள்ளைகள் படிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

கோடுகள் இணையாக இருந்தால் வெட்டவே வெட்டாது; நீக்கிப் பார்த்தால் 0 = 6 மாதிரி அபத்தம் வரும். சரி, அது புத்தகத்திலேயே இருக்கிறது. கடலில் தொந்தரவு கொடுப்பவை கிட்டத்தட்ட இணையான கோடுகள். இரண்டாவது ஜோடியாக தெ = 1.1கி − 0.3 என்ற கோட்டைத் தேர்ந்தெடுத்தாலும் விடை அதே (3, 3). ஆனால் அலையில் கண் தப்பி அந்தக் கோடு தெற்கு வடக்காக வெறும் 100 மீட்டர் நகர்ந்து, 0.3 என்பது 0.4 ஆகிவிட்டால்? விடை (4, 4). வள்ளம் 1.4 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். அதே 100 மீட்டர் பிசகு பழைய ஜோடியில் நடந்திருந்தால் 70 மீட்டர்தான் விலகியிருக்கும்.

அதனால் அடையாளம் பார்க்கிறவர், ஒன்றுக்கொன்று நன்றாகக் குறுக்கே வெட்டும் ஜோடிகளாகத் தேடுவார். ஜி.பி.எஸ். கருவிக்கும் இதே பாடுதான்: செயற்கைக்கோள்கள் வானத்தின் ஒரே பக்கத்தில் கூடி நின்றால், எத்தனை இருந்தாலும் இடம் துல்லியமாகக் கிடைக்காது.