சீரழிந்த நிலம், நீர், கடலை மீட்கும் வாக்குறுதி: டெல்டா ஊர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

2022 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கூடிய உலக நாடுகள், பல்லுயிர்களைக் காக்க 23 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. அவற்றில் இரண்டாவது இலக்கு காவிரி டெல்டாக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. சீரழிந்துபோன நிலம், ஆறு குளம் போன்ற நன்னீர்ப் பகுதிகள், கடற்கரை, கடல் இவற்றில் குறைந்தது 30 சதவீதத்தில் 2030-க்குள் உருப்படியான மீட்புப் பணி நடந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறது அது. 2024 அக்டோபர் இறுதியில், கொலம்பியாவின் காலி நகரில் இந்தியா தன் புதிய தேசியப் பல்லுயிர்ச் செயல்திட்டத்தை வெளியிட்டபோது, இந்த 30 சதவீதத்தைத் தன் இலக்காகவும் எழுதிக்கொண்டது.

இதற்கு முன்பே இன்னொரு வாக்குறுதி உண்டு. 2019 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த பாலைவனமாதல் தடுப்பு மாநாட்டில், 2030-க்குள் 2.1 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்போம் என்றிருந்த இலக்கை 2.6 கோடி ஹெக்டேராக உயர்த்துவதாகப் பிரதமர் அறிவித்தார். இஸ்ரோவின் நிலச்சீரழிவு வரைபடத் தொகுப்பின்படி 2018-19 நிலவரத்தில் நாட்டில் சீரழிந்த நிலம் சுமார் 9.78 கோடி ஹெக்டேர்.

இவை பன்னாட்டு வாக்குறுதிகள். இதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் போய் நின்றால் ஒரு வேலையும் நடக்காது. ஆனால் வாக்குறுதியை நிறைவேற்ற அரசு கையில் வைத்திருப்பது உள்நாட்டுச் சட்டங்களும் விதிகளும் திட்டங்களும்தான். எந்த இடத்துக்கு எந்த விதி செல்லும் என்று தெரிந்தால் கேட்க வழி இருக்கிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. எதை "மீட்டது" என்று கணக்கில் சேர்ப்பார்கள்? நட்ட கன்றுகளின் எண்ணிக்கையையா? அப்படி எண்ணினால் டெல்டா ஏமாந்துபோகும். பிச்சாவரத்தில் நடந்ததைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

வெள்ளையர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டி எடுத்தார்கள். நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. ஈரம் வற்றி மண் அமுங்கியது, தரை நடுவில் தொட்டி போலக் குழிந்தது. அலையில் உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி, கோடையில் சுண்டச் சுண்ட உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் எந்தக் கன்றும் நிற்காது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே முதலில் வெட்டியது வாய்க்கால்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஓதத்தோடு, அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தோடு, தண்ணீர் வந்து போகத் தொடங்கியதும் மண்ணின் உப்பு குறைந்தது. அப்புறம்தான் கன்று நட்டார்கள், காடு திரும்பியது. முத்துப்பேட்டையிலும் இதே முறையில் பெரிய அளவில் வேலை நடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது முத்துப்பேட்டைக் காடு பலத்த அடி வாங்கியது. அங்கே இனிச் செய்யும் மீட்பையும் தண்ணீரின் போக்குவரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டெல்டாவில் எதை மீட்பதானாலும் முதல் வேலை தண்ணீருக்கு வழி விடுவது. நல்ல தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர வேண்டும், கெட்ட தண்ணீர் வடிய வேண்டும். கோரையாறும் பாமணியாறும் கொண்டுவரும் நன்னீர் முத்துப்பேட்டை லகூனில், அதாவது கடலோரக் காயலில், கலந்தால்தான் அலையாத்தியும் இறாலும் மீன்குஞ்சும் பிழைக்கும். மன்னார்குடிப் பக்கத்து வடிகாலில் வெங்காயத்தாமரை மண்டிக் கிடந்தால் அதற்கான விலையைத் தில்லைவிளாகத்து மீனவரும் கொடுக்கிறார். நிலம், நன்னீர், கடல் என்று இலக்கில் தனித்தனியாக எழுதியிருப்பது இங்கே ஒரே ஓட்டம்.

சரி, விதிகளுக்கு வருவோம். பலரும் முதலில் நினைப்பது 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளை. ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது, வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் எல்லாவற்றையும் அவை தடுக்கின்றன. ஆனால் அதே விதிகள் ஆற்றின் ஓடுபாதை, நெல்வயல், பாசனத்துக்காகவோ குடிநீருக்காகவோ மனிதர் அமைத்த நீர்நிலை, மீன் வளர்ப்புக் குளம், உப்பளம் ஆகியவற்றை "ஈரநிலம்" என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கின்றன. டெல்டாவில் தண்ணீர் நிற்கும், ஓடும் இடங்களில் பெரும்பகுதி இவைதான். அரசு இதைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாட்டின் மிகப் பெரிய நெல் சமவெளிகளில் ஒன்றை வெளியே நிறுத்திவிட்டு நன்னீர்ப் பகுதிகளை மீட்கிறோம் என்று சொல்வது பொருந்தவில்லை.

ஆகவே இடத்துக்கு ஏற்ற கதவைத் தட்ட வேண்டும். நீர்வளத் துறைப் பொறுப்பில் உள்ள ஏரியில் ஆக்கிரமிப்பு என்றால், அதற்குத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 இருக்கிறது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகள் காவிரிப் பாசன நீரை வாங்கி நிறைபவை, ஆனால் பறவைகள் சரணாலயங்கள். அதனால் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அங்கே செல்லும். 2022 முதல் இரண்டும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் இருக்கின்றன. கோடியக்கரை 2002-லேயே பட்டியலில் சேர்ந்துவிட்டது.

கடலோரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அலையாத்திக் காடு, கடல்புல் படுகை, உவர்ச் சதுப்பு, சேற்றுத் திட்டு எல்லாம் அதில் மிக உயர்ந்த பாதுகாப்பு வகைக்குள் வருகின்றன. அனுமதிக்கப்பட்ட ஒரு திட்டத்துக்காகவே அலையாத்தி அழிந்தாலும், அழிந்ததைப் போலக் குறைந்தது மூன்று மடங்கு பரப்பில் நட்டு வளர்த்தாக வேண்டும். இறால் பண்ணை விஷயத்தில் நாகை மாவட்டத்துக்குத் தனி வரலாறே உண்டு. வயல்களை உப்பாக்கிய பண்ணைகளை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைக் குட்டைகள் கூடாது என்ற பெரிய தீர்ப்பைத் தந்தது. அதன் பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. உங்கள் வயலை ஒட்டி இறால் குட்டை வெட்டுகிறார்கள் என்றால், முதலில் கேட்க வேண்டியது அந்த ஆணையத்தின் பதிவுச் சான்று.

அதிராம்பட்டினத்திலிருந்து தெற்கே கடலுக்குள் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடல்பசுவின் உணவு கடல்புல். மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, அதில் புல்லைப் பொருத்திக் கடலடியில் வைத்து வளர்க்கும் வேலை மனோரா பக்கம் நடந்து வருகிறது. அலையாத்திக்கு 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த மிஷ்டி திட்டம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் 540 சதுர கிலோமீட்டர் என்பது அதன் தேசிய அளவு. காரைக்கால்காரர்கள் கவனிக்க: மத்திய விதிகள் உங்களுக்கும் பொருந்தும், தமிழக அரசின் சட்டங்களும் திட்டங்களும் பொருந்தாது.

வயலுக்கு வருவோம். தமிழக அரசு 2024-25 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்தில் பசுந்தாள் உர விதை வழங்குவதும் களர் நிலச் சீர்திருத்தமும் உண்டு. உழவன் செயலியிலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ பதிந்துகொள்ளலாம். மண் பரிசோதனை செய்யாமல் மட்டும் இறங்காதீர்கள். களர் மண்ணுக்கு ஜிப்சம் போடலாம். கடலோரத்து உவர் மண்ணுக்கு ஜிப்சம் மட்டும் போதாது, நல்ல தண்ணீரைக் கட்டி உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். வடிகால் தூர்ந்து கிடந்தால் அந்த உப்பு எங்கே போகும்?

ஏரி வண்டலை வயலுக்கு இலவசமாக அள்ளும் அனுமதியும் 2024-ல் எளிதாகியிருக்கிறது. மாவட்ட அரசிதழில் அறிவித்த ஏரி குளங்களிலிருந்து நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். இ-சேவையில் விண்ணப்பித்தால் வட்டாட்சியரே அனுமதி தருவார். ஏரியும் ஆழமாகும், வயலுக்கும் சத்து சேரும்.

இவை எல்லாவற்றையும் இணைக்கும் இடம் ஊராட்சி. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தக் குளத்தில் உப்பு ஏறியது, எந்த வடிகாலில் நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்திருக்கிறது, முன்பு இருந்த எந்த மீன் இப்போது வலையில் விழுவதில்லை என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். எது சீரழிந்தது என்று ஊர் எழுதிவைக்காவிட்டால் 30 சதவீதக் கணக்கில் அந்த இடம் வராமலே போய்விடும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்ணீர் வழி சம்பந்தப்பட்ட தீர்மானத்துக்கு மார்ச் 22, உலக நீர் நாள், சரியான நாள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கும், தூர்வாரும் வேலை ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். மே 1 கூட்டத்தில் சொன்னால் அந்த ஆண்டு வேலைப் பட்டியலில் சேர்ப்பது கடினம், நவம்பரில் சொன்னால் மழையே வந்துவிடும். தீர்மானத்தில் வாய்க்காலின் பெயர், சர்வே எண், எங்கிருந்து எங்கே வரை, அது எந்த ஆற்றில் அல்லது கழிமுகத்தில் போய்ச் சேர்கிறது என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நகல் ஒன்றை வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.