வேலிக்கு அந்தப் பக்கம் கட்டிக் கிடக்கும் நாய்

கோத்தகிரியில் பதினேழு வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். மார்கழி பிறந்தால் போதும், ஒரே மாதிரியான போன்கள் வரத் தொடங்கும். "டாக்டரம்மா, பக்கத்து வீட்டு நாய் ராத்திரி பூரா அழுதுட்டே இருக்கு. கேட்கவே முடியல. நாங்க என்ன செய்யறது?" நாய் அழைப்பவருடையது இல்லை. அவர்தான் தூக்கம் கெட்டுத் தவித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு டீச்சர் அழைத்தார். இங்கே மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். வீட்டுக்குக் கீழே, பத்துப் பதினைந்து படி இறங்கினால் விறகு வைக்கும் தகரக் கொட்டகை. அதன் தூணில் ஒன்றரை முழச் சங்கிலியில் மணி என்ற நாய். எலும்பு எண்ணிவிடலாம் போல இருக்கிறது என்றார். டீச்சர் ஒரு மாதமாகப் பாட்டிக்குத் தெரியாமல் ராத்திரியில் வேலியோரமாகப் பாலும் பிரெட்டும் வைத்துக்கொண்டிருந்தார். "ஆனாலும் இன்னும் இளைச்சுத்தான் போகுது டாக்டர்."

நேரில் போய்ப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. மணிக்குத் தினமும் வயிற்றுப்போக்கு. காலையில் அதைப் பார்த்த பாட்டி, வயிறு கெட்ட பிள்ளைக்குச் செய்வதையே செய்திருக்கிறார்: சோற்றைக் குறைத்துவிட்டார். இரண்டு பேருமே அந்த நாய்க்கு நல்லதுதான் நினைத்தார்கள். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாததால் நாய் இளைத்துக்கொண்டே போனது.

பக்கத்து வீட்டு நாயைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் இதைச் சொல்வது அதனால்தான். ரகசியமாக எதையும் செய்யாதீர்கள். அந்த வீட்டு மனிதர்களைச் சந்தியுங்கள். நாயின் உயிர் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் உண்டு. வேலைக்கு வந்த புதிதில், சொறி பிடித்து உடம்பில் முடியே இல்லாமல் கட்டிக் கிடந்த ஒரு நாயைப் பார்த்துவிட்டு, அதன் சொந்தக்காரரைத் தெருவில் நாலு பேர் முன்னால் திட்டினேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் மருந்தோடு போனால் நாய் இல்லை. மேட்டுப்பாளையம் சாலையில், குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். மூன்று நாள் தேடினேன். கிடைக்கவில்லை. அன்றைக்கு என் கோபம் நியாயமானதுதான். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது அந்த நாய். வீட்டின் போட்டோவோடு நாயின் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் போய் முடியும். அவமானப்பட்ட வீட்டுக்கு நாயைக் கண்ணில் படாமல் ஆக்குவதுதான் சுலபமான வழி.

சரி, எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்? மெலிந்த நாயெல்லாம் கவனிப்பாரற்ற நாய் இல்லை. பதின்மூன்று வயதில் சிறுநீரகம் கெட்டு, வேளாவேளைக்கு மருந்து கொடுத்தும் எலும்பும் தோலுமாக இருக்கும் நாயைப் பற்றியும் எனக்குப் புகார் வந்திருக்கிறது. அதை வளர்த்தவர் ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டிருந்தார். அதனால் உடம்போடு சேர்த்து அது இருக்கும் இடத்தையும் பாருங்கள். தண்ணீர்ச் சட்டி இருக்கிறதா, அதில் பாசி பிடித்திருக்கிறதா? நகம் வளைந்து வளர்ந்திருந்தால் நாய் நடந்தே பல மாதம் ஆகியிருக்கும். படுக்கிற இடத்திலேயே மலம் கிடந்தால் யாரும் அவிழ்த்துவிடுவதில்லை என்று பொருள். கழுத்தைக் கட்டாயம் பாருங்கள். குட்டியாக இருந்தபோது போட்ட பட்டையை மாற்றாமல் விட்டால் நாய் வளர வளர அது சதையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் முடி மூடியிருக்கும், கிட்டே போனால் அழுகல் வாடை அடிக்கும். மணிக்கு அப்படித்தான் இருந்தது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போகவேண்டும் என்பது எல்லா நாய்க்கும் பொருந்தும் கணக்கு.

மலையில் இதோடு இன்னும் இரண்டு ஆபத்துகள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று குளிர். 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் புல் வெள்ளையாக உறைபனி மூடிக் கிடக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அதற்கு முன்னாலேயே வடகிழக்குப் பருவமழை வந்து தரையையும் கொட்டகையையும் ஊறவைத்துவிட்டுப் போயிருக்கும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. 99-க்குக் கீழே இறங்கினால் அது அவசரம். முடி குறைந்த நாய், குட்டி, கிழட்டு நாய், பட்டினி கிடக்கும் நாய் எல்லாம் ஈரத் தரையில் ஒரே ராத்திரியில் அந்த நிலைக்குப் போய்விடலாம். முதலில் நடுங்கும். நடுக்கம் நின்று சுருண்டு அசையாமல் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம் என்று தெரிந்துகொள்ளுங்கள். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள். அந்தப் புகை மனிதர்களையே தூக்கத்தில் கொன்றுவிடும்.

படுக்கை பெரிய செலவில்லை. நாய் திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இருக்கிற ஒரு பழைய மரப்பெட்டி போதும். பெரிய பெட்டி வேண்டாம், அதன் உடம்புச் சூட்டால் அதை நிரப்ப முடியாது. நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, காற்று வரும் திசைக்கு முதுகைத் திருப்பி, உள்ளே காய்ந்த வைக்கோல் போடுங்கள். கம்பளி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வைக்கோலை நனைந்தால் மாற்றிவிடலாம்.

இன்னொன்று காட்டு விலங்கு. தேயிலைக் காட்டை ஒட்டிய வீடுகளில் சிறுத்தை நாயைத் தூக்குவது நமக்குப் புதிய செய்தி இல்லை. அவிழ்த்துவிட்ட நாயாவது வீட்டுக்குள் ஓடிவர முயலும். ஒன்றரை முழச் சங்கிலியில் இருப்பதற்கு அந்த வாய்ப்பும் கிடையாது. ராத்திரியில் வேலியோரம் சாப்பாடு வைப்பதும் இங்கே நாய்க்கு மட்டும் வைப்பதாகாது. விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைக்கும் கரடிகள் சுற்றும் ஊர் இது. காட்டுப்பன்றியும் வரும். வைத்தால் பகலில் வையுங்கள், தின்று முடித்ததும் சட்டியை எடுத்துவிடுங்கள்.

சிறுத்தைப் பேச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. டீச்சரிடம் நான் சொன்னது இதுதான்: முதல் நாள் நாயின் எலும்பைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் வீட்டில் விளைந்த பீட்ரூட்டை எடுத்துக்கொண்டு போனார். "பாட்டி, ராத்திரி மணி ரொம்பக் கத்துதே, சிறுத்தை கிறுத்தை வருதா?" என்று மட்டும் கேட்டார். மீதியைப் பாட்டியே சொன்னார். மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். பச்சைத் தேயிலை விற்கிற விலைக்கு இரண்டு பேர் இங்கே பிழைக்க முடியாது. மணி அவன் எடுத்து வளர்த்த குட்டி. "போறப்ப சொல்லிட்டுப் போனான் கண்ணு, அவுத்து விட்ராதம்மா, ஓடிப்போயிரும்னு. அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" முழங்கால் வலியில் பாட்டியால் அந்தப் படிகளில் இறங்க முடியவில்லை. பாதி வரைக்கும் வந்து, கழியால் சட்டியைத் தள்ளிவிட்டுத் திரும்புவார். மகனின் பொருளைப் பத்திரமாகக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த வரையில் இந்த மலையில் கவனிப்பு இல்லாமல் கிடக்கும் நாய்களில் பாதிக்குப் பின்னால் இப்படி ஒரு முழங்கால் வலியோ, வெளியூர் வேலையோ, கடனோ இருக்கிறது. கொடுமைக்காரர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லா வீட்டுக் கதவையும் கொடுமைக்காரரின் கதவாக நினைத்துத் தட்டக் கூடாது.

இரண்டாம் நாள் டீச்சர், "நான் சாயங்காலம் நடக்கப் போறப்ப மணியையும் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் பாட்டி சம்மதத்தோடு நான் போனேன். மயக்க ஊசி போட்டுப் பட்டையை வெட்டி எடுத்தேன். கழுத்தைச் சுற்றி விரல் அகலத்துக்குப் புண். எடை பதினொரு கிலோ. அந்த உயரத்துக்குப் பதினாறாவது இருக்கவேண்டும்.

உடனே நிறையச் சாப்பாடு போடத்தான் எல்லாருக்கும் கை போகும். பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று வயிறு நிறையச் சோறு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சடாரென்று இறங்கி இதயமே தடுமாறலாம். முதல் சில நாள் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுத்து, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கைவைத்தியத்திலும் கவனம் தேவை. சொறிக்கு வண்டியில் வடித்த கழிவு ஆயிலைப் பூசும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் உள்ளேயும் கெடுக்கும். உங்கள் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை உயிரை எடுக்கப் போதும்.

வலியில் இருக்கும் நாய், தினமும் சோறு போடும் கையையே கடிக்கும். கட்டிக் கிடக்கும் நாய்க்கு யாரும் தடுப்பூசி போட்டிருக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடித்தால், கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். 1907-லேயே வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகக் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்ட மாவட்டம் இது. இங்கேயே மிளகாய்ப் பொடி அப்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது.

பேசிப் பார்த்தும் மாறாத வீடு இருந்தால்? அப்போது சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, போதுமான உணவு, தண்ணீர், இருப்பிடம் தராததையும், மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது. வளர்த்ததைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவதும் குற்றம்தான். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தொகை மாறவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆனாலும் புகார் வீண் இல்லை. நாயைச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றம் உத்தரவிட முடியும். குற்றம் உறுதியானால் சொந்தக்காரரிடமிருந்து அதை எடுத்துவிடவும் முடியும். குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதால், பார்த்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள், தேதியோடு படம் எடுத்துவையுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடித்து ஊனமாக்குவது, விஷம் வைத்துக் கொல்வது எல்லாம் வேறு கணக்கு. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

எவ்வளவு பரிதாபமாக இருந்தாலும் ராத்திரியில் சங்கிலியை அவிழ்த்து நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் நாய் அந்த வீட்டுச் சொத்து, நீங்கள் திருடியவர் ஆகிவிடுவீர்கள். நாய் திரும்ப அதே தூணுக்குப் போகும். "வளர்க்க முடியலைன்னா சொல்லுங்க, நல்ல இடம் பார்த்துத் தர்றோம்" என்று கேளுங்கள். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள், சிலர் நிம்மதியோடு. கொடுத்தால் ஒரு துண்டுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மணி பாட்டியிடமேதான் இருக்கிறது. புண் ஆற ஐந்து வாரம் ஆனது. உடம்பு தேறியதும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டேன். இப்போது படி இறங்க வேண்டியதில்லை, பெட்டி மேலே சமையலறைக் கதவோரம் வந்துவிட்டது. இருட்டியதும் உள்ளே எடுத்துக்கொள்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு டீச்சர் வரும் சத்தம் கேட்டால் கதவைப் பிறாண்டுகிறதாம். அந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன் நாயோடு என் கிளினிக்குக்கு வந்து, "அம்மா ஒண்ணும் சொல்லல, டீச்சர்தான் சொன்னாங்க. எவ்வளவு ஆச்சு டாக்டர்?" என்று ஆயிரத்து இருநூறு ரூபாயை மேஜையில் வைத்தார். ஐநூறு எடுத்துக்கொண்டேன். மீதியை அடுத்த இரண்டு வருடத் தடுப்பூசிக்கு என்று மணியின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.