ஸ்பைரோமெட்ரி: மூச்சளவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் கிளினிக் சீட்டில், நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று அளக்கும் சோதனையை 'ஸ்பைரோமெட்ரி' என்று எழுதிக் கொடுத்தால், வீடு வந்து சேர்வதற்குள் அது 'ஊதுற டெஸ்ட்' ஆகிவிடும். புரிகிற பெயர்தான். ஆனால் சோதனையைக் கெடுப்பதும் அந்தப் பெயர்தான்.

லத்தீனில் 'ஸ்பிராரே' என்றால் மூச்சு விடுதல். கிரேக்கத்தில் 'மெட்ரோன்' என்றால் அளவு. இரு மொழிகளையும் ஒட்டவைத்த சொல் இது. 'ஸ்பைரல் சி.டி.' ஸ்கேனுக்கும் இதற்கும் உறவில்லை. அந்த 'ஸ்பைரல்' சுருள் என்று பொருள்படும் வேறு வேரிலிருந்து வந்தது. லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-இல் தம் ஸ்பைரோமீட்டரால் 2,000-க்கும் மேற்பட்டவர்களின் மூச்சை அளந்து வெளியிட்டார். நீரில் கவிழ்த்த மணி போன்ற கலம், ஊதிய காற்றால் மேலே எழும். எழுந்த உயரமே அளவு.

லத்தீனின் 'ஸ்பிராரே' வேரிலிருந்துதான் உயிர், ஆன்மா என்று பொருள்படும் 'ஸ்பிரிட்டுஸ்' பிறந்தது. தமிழிலும் உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல், நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. 'உயிர்ப்பளவை' என்று சொல்ல ஆசையாக இருந்தாலும், சளிக்கு மருந்து வாங்க வந்தவருக்கு அது விளங்காது. 'சுவாசமானி', 'மூச்சுமானி' இரண்டும் கருவியைக் குறிக்குமே தவிர சோதனையைக் குறிக்காது. 'நுரையீரல் பரிசோதனை' என்றால் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அதற்குள் வந்துவிடும். எனவே கருவி 'மூச்சளவி', சோதனை 'மூச்சளவை' என்பதே பொருத்தம். நில அளவை என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது அந்நியமாகவும் இராது.

'ஊது' என்பதில் என்ன கோளாறு? ஊது என்றதும் பலூனுக்கு ஊதுவதுபோல் கன்னம் உப்பும், உதடு குவியும், அரை மூச்சிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். தாதி 'தியூப் குவாட் குவாட்' (பலமாக ஊதுங்கள்) என்று மலாயில் உற்சாகப்படுத்தினாலும் அதுவும் ஊதலைத்தான் சொல்கிறது. இந்தச் சோதனையின் பாதி, ஊதுவதற்கு முன்னால் நடக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்குக்குக் கிளிப் போட்டு, இனி இடமில்லை என்கிற வரை மூச்சை இழுக்க வேண்டும். குழாயைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக மூடி, நாக்கு அடைக்காமல், தயங்காமல் ஒரே வீச்சில் வெளியே தள்ள வேண்டும். காற்று தீர்ந்ததுபோல் தோன்றினாலும் நிறுத்தக் கூடாது. பெரியவர்களுக்கு 6 வினாடியாவது போக வேண்டும் என்பது பல காலம் புழங்கிய கணக்கு, அடைப்பு உள்ளவர்களுக்கு அதைவிட நீளும். பல் செட்டு ஆடாமல் இருந்தால் கழற்ற வேண்டாம், கழற்றினால் உதட்டோரம் காற்று ஒழுகும். குறை இல்லாத ஊதல் குறைந்தது 3 வேண்டும். அவற்றில் மிகப் பெரிய இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

கருவி முக்கியமாக இரண்டைக் குறிக்கும்: முதல் 1 வினாடியில் வெளியேறிய காற்று, மொத்தமாக வெளியேறிய காற்று. முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 1.40 லிட்டரும் 2.50 லிட்டரும் என்றால் 0.56. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் இது 0.70-க்குக் கீழே நின்றால், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்காகத்தான் சல்புடமால் 400 மைக்ரோகிராம், அதாவது 100 வீதம் 4 பஃப் கொடுத்து, சுமார் 15 நிமிடம் உட்காரவைத்து மறுபடி அளக்கிறார்கள். அப்போது முதல் வினாடிக் காற்றின் அளவு நன்றாக ஏறினால் ஆஸ்துமா பக்கம் சாயலாம். 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் சேர்ந்து ஏற வேண்டும் என்பது பல காலம் புழங்கிய கணக்கு.

பாதியில் நிறுத்துவதுதான் மிக மோசமான தவறு. 3 வினாடியில் நிறுத்தினால் மொத்தம் குறையும், முதல் வினாடி அப்படியே இருக்கும். 2.50 என்பது 1.90 ஆகி, 0.56 என்பது 0.74 ஆகிவிடும். அடைப்பு இருந்தும் தாளில் இல்லை! காலமெல்லாம் புகை பிடித்தவர், விறகடுப்புப் புகையில் சமைத்தவர் 'நல்லா இருக்கு' என்று திரும்பிப் போவது இப்படித்தான். எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் இதற்குப் பதில் ஆகாது, அடைப்பின் தொடக்கத்தை எக்ஸ்ரே காட்டாமல் போகலாம். மூச்சை முழுக்க இழுக்காவிட்டாலோ இரண்டு எண்ணும் சேர்ந்து குறைந்து, நுரையீரலே சுருங்கியதுபோல் காட்டும்.

காசநோய் சந்தேகம் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை, மூச்சளவை பிறகு. அண்மையில் மாரடைப்பு வந்தவரும் கண் அறுவை செய்தவரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சோதனைத் தாளில் இருக்கும் விழுக்காடு என்பது, வயது, பால், உயரம் பார்த்து 'இவருக்கு இவ்வளவு இருக்க வேண்டும்' என்று கருவி போட்ட கணக்கோடு ஒப்பிட்டது. பரவலாகப் புழங்கும் 2012 உலக அட்டவணையில் தென்கிழக்கு ஆசியருக்குத் தனிப் பிரிவு உண்டு, இந்தியருக்கு இல்லை. அதனால் நம்மவருக்கு எந்தப் பிரிவைத் தட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே ஊதலுக்கு வேறு வேறு விழுக்காடு வரும். 2022-இல் வந்த அட்டவணை இனம் பார்ப்பதில்லை. ஆனால் உயரம் எதிலும் மாறாமல் வேண்டும். வாயால் சொன்ன உயரத்தை எழுத விடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நின்று அளக்கச் சொல்லுங்கள்.