முதல்ல மாஸ்க், மத்ததெல்லாம் அப்புறம்: தண்ணிக்குள்ள போற சாமான் எப்படி வேலை செய்யுது

ஸ்நார்கெலிங் (குழாயில மூச்சு விட்டுக்கிட்டு தண்ணிக்கு மேல குப்புற மிதந்து கீழ பார்க்கிறது) போகணும், இல்ல டைவிங் கத்துக்கணும்னு முடிவு பண்ணினதும் எல்லாரும் முதல்ல பண்றது சாமான் தேடுறதுதான். முகத்துக்கு மாஸ்க், மூச்சு விடுற குழாயான ஸ்நார்கெல், காலுக்குத் துடுப்பு மாதிரி ஃபின்ஸ், குளிருக்கு வெட்சூட், சிலிண்டர் காத்தை வாய்க்குக் கொண்டுவர்ற ரெகுலேட்டர்னு வரிசையா வந்து நிக்கும், ஒவ்வொண்ணுலயும் ஏகப்பட்ட மாடல், எதை வச்சு தேர்ந்தெடுக்கிறதுன்னே தெரியாது. இதுக்கு ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும்: தண்ணியை அழுத்தி சுருக்க முடியாது, காத்தை சுருக்க முடியும்.

நம்ம உடம்புல பெரும்பகுதி தண்ணிங்கிறதால ஆழத்துக்குப் போனா சதையும் எலும்பும் நசுங்காது. பிரச்சினை வர்றதெல்லாம் காத்து அடைஞ்சிருக்கிற இடங்கள்ல, அதாவது நுரையீரல், நடுக்காது, சைனஸ், அப்புறம் நாமளே மாட்டிக்கிட்டுப் போற சாமானுக்குள்ள. மேல நம்மள சுத்தி இருக்கிற காத்தழுத்தம் சுமார் 1 பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு), தண்ணிக்குள்ள ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு 1 பார் கூடிக்கிட்டே போகும். ராபர்ட் பாயில் 1662ல வெளியிட்ட விதிப்படி அழுத்தம் ரெண்டு மடங்கானா காத்தோட அளவு பாதியாயிடும். 10 மீட்டர்ல பாதி, 20ல மூணுல ஒரு பங்கு, 30ல கால் பங்கு. நல்லா பாருங்க, பெரிய மாற்றம் நடக்கிறதே முதல் 10 மீட்டர்லதான், புதுசா வர்றவங்க நீந்துறதும் அங்கதான். அதனால "நான் ஆழமாவா போகப் போறேன், ஏதோ ஒண்ணு இருந்தா போதும்"னு சாமானை அலட்சியமா வாங்காதீங்க.

மாஸ்க்ல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா நம்ம காசுல முதல்ல வாங்க வேண்டியது அதுதான். தண்ணிக்குள்ள வெறும் கண்ணைத் திறந்தா ஏன் எல்லாம் கலங்கலா தெரியுதுன்னா, நம்ம கண்ணோட மொத்த குவிக்கும் சக்தி சுமார் 60 டயாப்டர், அதுல மூணுல ரெண்டு பங்கு முன்னாடி இருக்கிற கார்னியாவுல நடக்குது. காத்துல இருந்து வர்ற வெளிச்சம் கார்னியாவுல பட்டதும் நல்லா வளையும், ஆனா தண்ணியோட ஒளிவிலகல் எண் (வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும்னு காட்டுற எண்) 1.33, கார்னியாவோடது சுமார் 1.38, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுங்கிறதால வெளிச்சம் அங்க வளையவே மாட்டேங்குது, கடுமையான தூரப்பார்வைக் கோளாறு வந்த மாதிரி ஆயிடும். மாஸ்க் பண்றது என்னன்னா கண்ணுக்கு முன்னாடி கொஞ்சம் காத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்குது, அவ்வளவுதான். தட்டையான கண்ணாடி வழியா பார்க்கிறதால மீனெல்லாம் நிஜ தூரத்துல முக்கால் தூரத்துலயே இருக்கிற மாதிரியும் மூணுல ஒரு பங்கு பெருசாவும் தெரியும், கையை நீட்டித் தொடப் போனா எட்டாது, கொஞ்ச நேரத்துல பழகிடும்.

அந்தக் காத்துதான் மாஸ்க்ல மூக்கையும் சேர்த்து மூடுறதுக்குக் காரணம். கீழ போகப் போக மாஸ்க்குள்ள இருக்கிற காத்து சுருங்கும், கண்ணாடி முகத்தோட வந்து ஒட்டும், கண்ணையும் சுத்தி இருக்கிற தோலையும் வெளிய உறிஞ்ச ஆரம்பிக்கும். மூக்கு உள்ள இருந்தா லேசா ஒரு மூச்சு மூக்கால விட்டு சரி பண்ணிடலாம். நீச்சல் கண்ணாடியில அதுக்கு வழியே இல்ல, அதைப் போட்டுக்கிட்டு ரெண்டு மூணு மீட்டர் இறங்கினாலே கண்ணோட சின்ன ரத்தக்குழாய் உடையலாம், அது மேல நீந்துறதுக்கு மட்டும்தான். காதுக்கு பிளக் வைக்கிறதும் இதே கதைதான், பிளக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவுல மாட்டின காத்தை நம்மால ஒண்ணும் பண்ண முடியாது, அதனால டைவ் பண்ணும்போது வைக்கவே கூடாது.

மாஸ்க் நமக்குப் பொருந்துதான்னு பார்க்கிறது ரொம்ப சுலபம். ஸ்ட்ராப்பை முன்னாடி தள்ளி விட்டுட்டு மாஸ்க்கை முகத்துல சும்மா வச்சு மூக்கால மெதுவா ஒரு மூச்சு இழுங்க, கையை எடுத்தா அப்படியே ஒட்டி நிக்கணும். பலமா உறிஞ்சினா பொருந்தாத மாஸ்க்கும் கொஞ்ச நேரம் நிக்கும், அதனால மெதுவாதான் இழுக்கணும். ஓரத்துல எங்கயாவது சுர்ருன்னு காத்து போனா அந்த மாடல் உங்க முகத்துக்கு இல்ல, எவ்வளவு நல்ல பிராண்டா இருந்தாலும் சரி. வாயில ஸ்நார்கெல் கடிச்சுக்கிட்டு ஒரு தடவை பாருங்க, ஏன்னா அப்போ கன்னத்தோட வடிவம் மாறும். மீசை இருக்கிறவங்களுக்கு மூக்குக்குக் கீழ கசியும், நெத்தி முடி ஒண்ணு ரெண்டு உள்ள மாட்டினாலும் கசியும். கசிஞ்சா உடனே எல்லாரும் ஸ்ட்ராப்பை இறுக்குவாங்க, அது தப்பு, இறுக்கினா சிலிக்கான் விளிம்பு மடங்கி இன்னும் கசியும், மாஸ்க்கைப் பிடிச்சு வைக்கிறது வெளிய இருக்கிற தண்ணியோட அழுத்தம், ஸ்ட்ராப் சும்மா நழுவாம இருக்கத்தான். விளிம்பு சிலிக்கானா இருக்கணும், பிவிசி சீக்கிரம் விறைச்சுப் போகும். கண்ணாடி டெம்பர்ட் கிளாஸா இருக்கணும், உடைஞ்சாலும் கூரான சில்லா தெறிக்காது. உள்ளளவு கம்மியா இருக்கிற மாஸ்க் நல்லது, உள்ள அழுத்தத்தை சமப்படுத்தவும் உள்ள புகுந்த தண்ணியை வெளிய தள்ளவும் கொஞ்சம் காத்தே போதும். பவர் கண்ணாடி போடுறவங்க பவர் லென்ஸ் மாட்ட முடியிற மாடலா கேட்டு வாங்குங்க, சாதாரண கண்ணாடியை உள்ள போட்டா அதோட காது கம்பி விளிம்பைத் தூக்கிடும்.

புது மாஸ்க் பனி மாதிரி மூடிக்கிட்டே இருக்கும். மூச்சுல இருக்கிற ஈரம் குளிர்ந்த கண்ணாடியில நுண்ணிய துளியா படியுது, அச்சுல வார்க்கும்போது படிஞ்ச சிலிக்கான் படலம் அந்தத் துளிகள் பரவாம உருண்டையாவே நிக்க வைக்குது. கோட்டிங் இல்லாத வெறும் கண்ணாடின்னா உள்பக்கத்தை டூத்பேஸ்ட் வச்சு நல்லா தேய்ச்சுக் கழுவுங்க. அப்புறம் ஒவ்வொரு தடவையும் எச்சில், இல்ல ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி லேசா அலசினா போதும், தண்ணியோட பரப்பு இழுவிசை குறைஞ்சு துளி எல்லாம் ஒரே மெல்லிய படலமா பரவிடும், தெளிவா தெரியும்.

அடுத்து ஸ்நார்கெல். பார்க்க வெறும் குழாய்தான், ஆனா அளவு ரொம்ப முக்கியம், ஏன்னா நாம விட்ட மூச்சுல கொஞ்சம் குழாய்க்குள்ளயே தங்கி அடுத்த மூச்சுல திரும்ப உள்ள வரும். சாதாரணமா ஒரு மூச்சு சுமார் 500 மில்லி, அதுல நம்ம சொந்த மூச்சுக்குழாயிலயே 150 மில்லி பழைய காத்து. 2 சென்டிமீட்டர் உள்விட்டம், 40 சென்டிமீட்டர் நீளம்னு ஒரு ஸ்நார்கெல் வச்சா அதுல இன்னொரு 125 மில்லி. ஆக புதுக்காத்து 225 மில்லிதான். அதே குழாயை 1 மீட்டர் நீளம் ஆக்கினா 314 மில்லி அதுலயே போயிடும், புதுசா வர்றது முப்பத்தி சொச்சம் மில்லி, மீதியெல்லாம் நாம விட்ட கார்பன் டை ஆக்சைடு கலந்த காத்து. அது போதாதுன்னு 1 மீட்டர் ஆழத்துல நெஞ்சு மேல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 100 கிராம் கூடுதல் எடை, 30க்கு 30 சென்டிமீட்டர் பரப்புன்னு வச்சாலே 90 கிலோ, உள்ள இருக்கிறதோ மேல இருந்து வர்ற சாதாரண அழுத்தக் காத்து, அதை எதிர்த்து நெஞ்சை விரிக்கணும்னா மூச்சுத் தசைகளோட முழு பலமும் வேணும், ரெண்டாவது மூச்சுக்கே ஆள் தளர்ந்துடுவார். அதனால யாரும் குழாயில ஹோஸ் பைப் சேர்த்து நீளமாக்கிப் பார்க்கக் கூடாது, இதைக் குழந்தைங்க விளையாட்டா செய்வாங்க, கண்டிப்பா தடுங்க.

குழாய் ரொம்ப குண்டா இருந்தா பழைய காத்து அதிகம் தங்கும், ரொம்ப ஒல்லியா இருந்தா இழுக்கவே கஷ்டம், நடுத்தரமா பாருங்க. மெதுவா ஆழமா மூச்சு விடப் பழகினா அந்தத் தங்குற பங்கு மொத்தத்துல சின்னதாயிடும். கீழ பர்ஜ் வால்வு இருந்தா புகுந்த தண்ணியை லேசா ஊதியே வெளிய தள்ளலாம், புதுசா வர்றவங்களுக்கு அது உண்மையிலேயே உதவி. மேல மிதவை வச்ச டிரை ஸ்நார்கெல் அலையில தண்ணி வராம அடைக்கும், மணலோ உப்போ மாட்டினா அந்த மிதவை திறக்காம நின்னுடவும் செய்யும், அதனால அதை நம்பிக்கிட்டு தண்ணி ஊதி வெளியேத்துற பழக்கத்தைக் கத்துக்காம இருக்காதீங்க.

முழு முகத்தையும் மூடுற மாஸ்க் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. என் கருத்து, ஆரம்பத்துல வேண்டாம். உள்ள வாய் மூக்குப் பகுதியைப் பிரிக்கிற தடுப்பும் ஒருவழி வால்வுகளும் சரியா மூடலைன்னா விட்ட காத்து முகம் முழுக்க இருக்கிற இடத்துல கலந்து திரும்பத் திரும்ப உள்ள போகும், தலைவலி, மயக்கம் வரலாம். மூக்கைப் பிடிக்க முடியாததால காதுக்குள்ள அழுத்தத்தை சமப்படுத்த முடியாது, கீழ முங்க முடியாது. பதட்டம் வந்தா சாதாரண ஸ்நார்கெலை வாயில இருந்து துப்பிடலாம், இதை மொத்தமா கழட்டணும்.

ஃபின்ஸ் விஷயம் சுருக்கமா. தண்ணி காத்தை விட சுமார் 800 மடங்கு அடர்த்தி, அதனால நீளமான விறைப்பான ஃபின் ஒவ்வொரு உதைக்கும் நிறைய தண்ணியைத் தள்ளும், அதே அளவு பலத்தை தொடையில இருந்து உறிஞ்சும், பழக்கம் இல்லாதவங்களுக்கு கெண்டைக்கால் பிடிச்சுக்கும். மிதமான விறைப்பு, மிதமான நீளம் போதும். வெறுங்காலுக்கு மாட்டுற வகை ஸ்நார்கெலிங்குக்கு சரி, பின்னாடி ஸ்ட்ராப் இருக்கிற வகைக்கு நியோப்ரீன்ங்கிற நுரை ரப்பர்ல செஞ்ச பூட்ஸ் போடணும், அப்படின்னா பூட்ஸை முதல்ல வாங்கி அதைப் போட்டுக்கிட்டு ஃபின்ஸ் அளவு பாருங்க. விரல் மடங்கக் கூடாது, குதிகால் ஆடக் கூடாது.

இப்போ குளிர். தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும், அதனால வெதுவெதுப்பா தோணுற கடல்லயும் ஒரு மணி நேரத்துல நடுங்க ஆரம்பிச்சிடுவோம். வெட்சூட் உள்ள புகுற தண்ணிதான் நம்மள சூடா வைக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, வேலை செய்யிறது நியோப்ரீனுக்குள்ள அடைஞ்சிருக்கிற லட்சக்கணக்கான நுண்ணிய வாயுக் குமிழிகள். 1950களோட ஆரம்பத்துல ஹ்யூ பிராட்னர்ங்கிற இயற்பியலாளர் வெட்சூட்டை உருவாக்கினப்போ கண்டுபிடிச்ச அடிப்படையே அதுதான், உடம்பு நனையக் கூடாதுங்கிற அவசியமே இல்ல. ஆனா உள்ள புகுந்த தண்ணி வெளிய போய் புதுத்தண்ணி வந்துக்கிட்டே இருந்தா சூடும் சேர்ந்து போகும், அதனால இடுப்புலயும் கழுத்துலயும் தொளதொளன்னு இல்லாம ஒட்டி இருக்கணும். வெப்பமான கடலுக்கு 3 மில்லிமீட்டர் பெரும்பாலும் போதும், குளிர் கூடக் கூட 5, 7னு போகும். ஸ்நார்கெலிங் மட்டும்னா ராஷ்கார்டுங்கிற மெல்லிய நீச்சல் சட்டையாவது போடுங்க, குப்புற மிதக்கும்போது முதுகு முழுக்க வெயில், தண்ணி குளிர்ச்சியா இருக்கிறதால தோல் வேகுறதே தெரியாது.

அந்தக் குமிழிகளும் காத்துதானே, ஆழத்துல அதுவும் சுருங்கும். சூட் மெலிஞ்சு வெப்பம் குறையும், மிதவையும் குறையும், அதாவது மேல மிதந்த ஆள் கீழ போகப் போக தானா மூழ்க ஆரம்பிப்பார். இதை சரிக்கட்டத்தான் சிலிண்டர் மாட்டிக்கிட்டு முங்குற ஸ்கூபாவுல பிசிடிங்கிற காத்து ஊதுற ஜாக்கெட். இங்க இருந்து சாமான் எல்லாம் பயிற்சியோட சேர்ந்ததுதான், பயிற்சி முடியிறதுக்கு முன்னாடி வாங்காதீங்க, வாடகைக்கு எடுத்து ரெண்டு மூணு வகை போட்டுப் பாருங்க.

ரெகுலேட்டர் என்ன பண்ணுதுன்னு மட்டும் தெரிஞ்சுக்கங்க. 1943ல எமில் காக்னானும் ழாக் கூஸ்தோவும் செஞ்ச அதே அடிப்படைதான் இன்னைக்கும். சிலிண்டர்ல 200 பார் அழுத்தம், சிலிண்டர் வாயில மாட்டுற முதல் ஸ்டேஜ் அதை சுத்துத் தண்ணியோட அழுத்தத்தை விட சுமார் 10 பார் அதிகம்கிற அளவுக்குக் குறைக்கும், வாயில இருக்கிற ரெண்டாவது ஸ்டேஜ்ல ஒரு ரப்பர் தகடு, நாம மூச்சு இழுத்ததும் அது உள்ள வளைஞ்சு ஒரு நெம்புகோலை அழுத்தும், வால்வு திறக்கும், சுத்தி இருக்கிற தண்ணியோட அதே அழுத்தத்துல காத்து வரும். நீளமான ஸ்நார்கெலால முடியாதது இதனால முடியுது. இதுக்கு விலையும் உண்டு: 20 மீட்டர்ல ஒவ்வொரு மூச்சும் மேல இருக்கிறதை விட மூணு மடங்கு காத்தைத் தின்னும், அந்தக் காத்தை நெஞ்சுக்குள்ள அடக்கிக்கிட்டு மேல ஏறினா அது விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிடும். நீச்சல் குள ஆழத்துலயே அது நடக்கும். மூச்சை அடக்கவே கூடாதுங்கிறதுதான் பயிற்சியில முதல் பாடம்.

பயிற்சி முடிஞ்சதும் நான் முதல்ல வாங்கச் சொல்றது ஆழத்தையும் நேரத்தையும் வச்சு கணக்கு போடுற டைவ் கம்ப்யூட்டர், ரெகுலேட்டர் கூட அப்புறம்தான். அழுத்தத்துல சுவாசிக்கிற நைட்ரஜன் உடம்புல கரையும், வேகமா மேல வந்தா உடம்புக்குள்ளயே குமிழியாயிடும், உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908ல வெளியிட்ட அட்டவணையில இருந்து இந்தக் கணக்கு ஆரம்பிச்சது. டைவ் முடிஞ்சு மணிக்கணக்கா அந்த மிச்ச நைட்ரஜன் உடம்புலயே இருக்கும், கம்ப்யூட்டர் அதையும் சேர்த்துதான் அடுத்த டைவைக் கணக்கு போடும். காலைல நீங்க போட்டதை மத்தியானம் இன்னொருத்தர் போட்டா அது காட்டுற நம்பர் அவருக்கும் பொய், நீங்க வேற கம்ப்யூட்டர் போட்டா அது உங்களுக்கும் பொய். பெரிய எழுத்து, நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல ஏறினா கத்துற அலாரம், இது ரெண்டும் இருந்தா ஆரம்பத்துக்கு தாராளம்.

எதை வாங்கினாலும் கடல்ல இருந்து வந்ததும் நல்ல தண்ணியில ஊற வச்சு நிழல்ல காய வைங்க. ரெகுலேட்டரை ஊற வைக்கிறதுக்கு முன்னாடி முதல் ஸ்டேஜோட மூடியை ஈரமில்லாம துடைச்சுப் போட்டு இறுக்கணும், ரெண்டாவது ஸ்டேஜ்ல காத்தைத் திறந்து விடுற பர்ஜ் பட்டனை அழுத்தக் கூடாது, உள்ள ஒரு சொட்டு தண்ணி போனாலும் அரிக்க ஆரம்பிச்சிடும்.